ஈவோர் உரையும் ஏற்போர் உரையும்

1. முன்னுரை

துயருற்றார்க்குத் துணைநின்றோரைப் பற்றிய இலக்கியம் எல்லா மொழிகளிலும் உண்டு. அத்தகைய இலக்கியத்தை மதிப்பிடப் புகுங்கால், உதவியவர் யார், உதவி எத்தகையது, அதனால் விளைந்த பயன் யாது என்னும் வினாக்களையே நாம் பெரும்பாலும் எழுப்புகின்றோம். அவ்வுதவியைப் பற்றி நமக்கு எடுத்துரைப்பவர் யார் என்னும் வினாவை எழுப்புதல் அரிது. ஈந்தவர் உரைக்கின்றாரா, ஏற்றவர் உரைக்கின்றாரா, ஈந்தவரும் ஏற்றவரும் ஒருவரேயாய் நின்று உரைக்கின்றனரா என்பதற்கு ஏற்ப நூலின் பொருளே வேறுபடுகின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து. அக்கருத்தினை இலண்டன் மாநகரில் வாழ்ந்த சிறுபான்மை இனத்துப் பெண்டிரையும் இளைஞரையும், அவர்க்குத் துணையாய் முன்னின்றோரையும் பற்றிய மூன்று ஆங்கில நூல்களைக் கொண்டு நிறுவ முயல்வோம்.

அம்மூன்றனுள் முதலாவது இ. ஆர். பிரைத்வெயிட் 1962-இல் வெளியிட்ட 'பெயிட் சர்வன்ட்'. 'ஊதியம் பெறும் பணியாள்' என்பது அப்பெயரின் பொருள். இரண்டாவது புச்சி எமெச்செட்டா 1972-இல் வெளியிட்ட 'இன் தி டிச்'. இதனைப் 'பள்ளத்தில்' எனலாம். மூன்றாவது பெவர்லி பிரையன், ஸ்டெல்லா டாட்ஸி, சூசன் ஸ்கேஃப் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 1985-இல் வெளிவந்த 'தி ஹார்ட் ஆஃப் தி ரேஸ்'. 'இனத்தின் இதயம்' என்பது அதன் பொருள். முதலாவது பணிநினைவு, இரண்டாவது தன்வாழ்வைத் தழுவிய புதினம், மூன்றாவது பலருடைய வாய்மொழிகளைத் திரட்டி எழுதிய சமுதாய வரலாறு. வகையால் வேறுபட்ட நூல்களை ஒருங்கு வைத்து நோக்குதல் முறையோ எனின், மூன்றும் ஒரே நகரத்தையும், ஏறத்தாழ ஒரே தலைமுறையையும், ஒரே உறவினையும் பற்றியன. அவ்வுறவாவது, உதவுவார்க்கும் உதவி பெறுவார்க்கும் இடையே உள்ள உறவு. ஆதலின் இவ்வொப்பீடு பொருந்துவதேயாம்.

2. அளவுகோல்

இவ்வாராய்ச்சிக்கு உரிய அளவுகோலை நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. உதவியைப் பற்றிய உரை யாருடைய வாயிலிருந்து பிறத்தல் வேண்டும் என்பதனைத் தமிழ் இலக்கணம் பண்டே எண்ணிப் பார்த்துள்ளது. வளம் பெற்றவன், பெறாத வறியவனை வழியிடைக் கண்டு, தான் பெற்றதனை அறிவுறுத்தி, அவனும் சென்று பயன்பெறுமாறு கூறுதலைத் தொல்காப்பியம் புறத்திணைக்கண் வகுத்துரைக்கின்றது. அதன் வழிப் பிறந்த ஆற்றுப்படைகள் பத்துப்பாட்டுள் ஐந்து. அவற்றுள் பேசுபவன் வள்ளல் அல்லன், ஏற்றவனே பேசுகின்றான்.

இவ்வமைப்பினால் விளையும் பயன் யாது? சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வறுமைக் காட்சியை நினைவுகூர்வோம். குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைத்த பெண், புறங்கூறும் அறிவிலார் காணுதற்கு நாணி, வாயிலை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கின்றாள். நல்லியக்கோடன் எத்துணை அருளுடையவனாயினும், அடைத்த கதவின் உள்ளே நிகழ்ந்த இந்நிகழ்ச்சியை அவனால் சொல்ல இயலாது. பசியைப் புறத்தே நிற்பவனும் அறிவான். பசித்தார் கொண்ட நாணத்தை அகத்தே இருந்தவரே அறிவர். ஏற்போர் உரைக்கு உள்ள தனிச்சிறப்பு இதுவே.

திருவள்ளுவரும் இவ்விரு நிலைகளையும் தனித்தனியே நோக்கினார். ஈகையை அறத்துப்பாலில் 23-ஆம் அதிகாரமாக வைத்தவர், இரவு, இரவச்சம் என்னும் இரண்டினைப் பொருட்பாலில் 106, 107-ஆம் அதிகாரங்களாக வைத்தார். ஈவார்க்கு ஓர் அதிகாரம் அமைய, இரப்பார்க்கு இரண்டு அமைந்தமை கருதற்குரியது. கேட்டுப் பெறுதலின் இயல்பினை ஒன்றிலும், கேட்க நேர்வதன் அச்சத்தினை மற்றொன்றிலும் கூறினார். கேட்போர் உள்ளம் ஒருமுகப்பட்டதன்று என்பதனை இவ்விரட்டை அமைப்பே உணர்த்தும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆற்றுப்படையில் பாணன் பேசுவதாகப் பாடியவர் புலவர். பாடுபொருள் வள்ளலின் புகழ். ஆதலின், ஏற்றவனது குரல் ஆண்டு ஒரு புலனெறி வழக்காக அமைந்ததே அன்றி, ஏற்றவன் தானே எழுதிய உரையன்று. ஈந்தவனைக் குறைகூறும் உரிமையும் அதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை மறவாது, கதவின் அகத்தும் புறத்தும் நின்று உரைத்தல் என்னும் அளவையே ஈண்டுக் கைக்கொள்வோம்.

3. காலப் பின்னணி

நூல்களுட் புகுமுன் அவை எழுந்த சூழலைச் சுருங்கக் காண்போம். 1948-ஆம் ஆண்டு சூன் திங்கள் 22-ஆம் நாள் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் கரிபியத் தீவினர் பலரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் தில்பரித் துறையை அடைந்தது. போருக்குப் பின்னர் ஆட்பற்றாக்குறையுற்ற அந்நாட்டின் மருத்துவமனைகளிலும் போக்குவரத்துத் துறையிலும் தொழிற்சாலைகளிலும் பணியாற்றக் கரிபியத் தீவுகள், ஆப்பிரிக்கா, இந்தியா, பாக்கிசுத்தான் முதலிய நாடுகளிலிருந்து மக்கள் தொடர்ந்து சென்றனர். 1962-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அவ்வரவினைக் கட்டுப்படுத்தியது.

உழைப்பினை வரவேற்ற நகரம் உழைப்பாளர்க்கு வீடு தர மறுத்தது. 1965-இல் இயற்றப்பெற்ற முதல் இன உறவுச் சட்டம் பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுதலைத் தடுத்ததேயன்றி, வீட்டையும் வேலையையும் தொடவில்லை. அவை இரண்டும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றன. எனவே, 1960-களின் முற்பகுதியில் கறுப்பினத் தாய் ஒருத்திக்கு வீட்டுக்காரர் நிறத்தைக் காட்டி அறையினை மறுத்தால், அதனைத் தடுக்கச் சட்டம் இல்லை. எமெச்செட்டாவின் மற்றொரு புதினமாகிய 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' (1974) இந்நிலையைக் காட்டுகின்றது. அதன் தலைவி, தான் ஆப்பிரிக்கப் பெண் என்பது தெரியாதவாறு மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றித் தொலைபேசியில் அறை கேட்கின்றாள். நேரிற் சென்றபோது அவளைக் கண்ட வீட்டுக்காரி திகைத்து, அறை இல்லை என்று கூறிவிடுகின்றாள். கதவு என்பது இந்நூல்களில் வெறும் உவமை அன்று. நாள்தோறும் எதிர்கொண்ட மெய்ப்பொருள்.

4. ஈவோர் உரை

பிரைத்வெயிட் 1912-இல் பிரித்தானியக் கயானாவின் சார்ச்சுடவுன் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஆங்கில வான்படையில் பணியாற்றியவர். தகுதிக்கேற்ற வேலை நிறத்தின் காரணமாக மறுக்கப்பெற்றபின், இலண்டனின் கிழக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராய் அமர்ந்ததனை 'டு சர், வித் லவ்' (1959) என்னும் நூலில் எழுதிப் புகழ்பெற்றார். அதன்பின் இலண்டன் மாவட்ட மன்றத்தில் குழந்தை நலப் பணியாளராய் அமர்ந்து, வெள்ளையரல்லாத சிறுவர்க்கு வளர்ப்பு இல்லம் தேடிய பட்டறிவே 'பெயிட் சர்வன்ட்' நூலின் பொருள்.

நூலின் நடுவில் நிற்பவன் ரோடி என்னும் கலப்பினச் சிறுவன். அவனிடத்துக் குறை ஒன்றும் இல்லை. நிறம் ஒன்றே அவனுக்கு வீடு கிடையாமைக்குக் காரணம். நிறத்துக்கு நிறம் ஒத்த பெற்றோரிடமே குழந்தையை ஒப்படைத்தல் வேண்டும் என்னும் வழக்கத்தை ஆசிரியர் வன்மையாக எதிர்க்கின்றார். அன்புடைய இல்லம் எதுவாயினும் அது குழந்தைக்கு உரிய இல்லமே என்பது அவர் துணிபு. அத்துணிபிலுள்ள அறவன்மை இன்றும் குன்றாதது.

நூற்பெயர் மற்றொரு வகையிலும் சிறப்புடையது. உதவுவோன் தன்னை வள்ளல் என்னாது, ஊதியம் பெறும் பணியாள் என்று அழைத்துக்கொள்கின்றான். உதவி என்பது கொடையாயின், பெறுவோர் தலை தாழ்தல் நேரும். அது பொதுமக்கள் பொருளால் நடைபெறும் கடமையாயின், பெறுவோர் நிமிர்ந்து நின்று பெறலாம். ஈகையைக் கடமையாக மாற்றிய இந்த ஒரு சொல்லில் ஆசிரியரின் அரசியல் முழுதும் அடங்கியுள்ளது எனலாம்.

ஆனால் பெயரில் உள்ள பணிவு நடையில் இல்லை. நூல் தன்மை ஒருமையில் இயல்கின்றது. துயருற்ற தாயரும் இளையோரும் அதில் பேசுகின்றனர். எனினும், அப்பேச்சின் பொருள் இன்னது என்று வரையறுக்கும் உரிமை எப்போதும் ஆசிரியர் கையிலேயே உள்ளது. வாதம் எழும்போது பெரும்பாலும் அவர் கூற்றே வெல்கின்றது. அவர் சென்றபின் அவ்வீட்டார் தம்முள் யாது பேசினர் என்பதை நாம் அறிய வழியில்லை. நேர்மையாக எழுதப்பெற்ற நூலேயாயினும் கதவுக்குப் புறத்தே நின்று எழுதப்பெற்ற நூல் இது.

பிரைத்வெயிட்டும் அதே நிறவேற்றுமைக்கு ஆளானவர் அல்லரோ, அவரை ஏற்போர் பக்கத்தில் வைத்தல் தகாதோ என வினவலாம். தகாது. இழிவுற்றமையால் ஒருவர் ஏற்போர் ஆகிவிடுவதில்லை. அவர் இழிவினை அறிந்தவர். ஆனால் தம் குழந்தையின் உணவுக்காக அலுவலகத்தின் முன் நிற்கும் நிலையினின்று இந்நூலை எழுதவில்லை. கையில் கோப்புடன் வருபவரும், அக்கோப்பினுள் தம் பெயர் எழுதப்பட்டிருப்பவரும் ஒரே இனத்தவராயினும், இருவர் நோக்கும் ஒன்றாதல் இல்லை.

5. ஏற்போர் உரை

எமெச்செட்டா 1944-இல் நைசீரியாவின் இலாகோசு நகரில் இக்போ இனக் குடும்பத்தில் பிறந்தார். 1962-இல் இலண்டன் சேர்ந்தார். ஐந்து மக்களுக்குத் தாயான நிலையில் கணவரைப் பிரிந்து வாழ்ந்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பணியாற்றினார். சமூகவியல் பயின்று பட்டம் பெற்றார். அவ்வாழ்வின் ஒரு பகுதியே 'இன் தி டிச்'. முதலில் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, பின்னர் நூலுருப் பெற்றது.

புதினத்தின் தலைவி ஆடா. வீட்டுக்காரரின் தொல்லையினின்று நீங்கி, நகராட்சி தந்த 'புஸிகேட் மேன்ஷன்ஸ்' என்னும் பழைய அடுக்குக் குடியிருப்பிற் குடிபுகுகின்றாள். மாளிகை எனப் பொருள்படும் பெயரை உடைய அக்கட்டடம் ஈரமும் இருளும் நாற்றமும் நிறைந்தது. குழந்தைகளைப் பேணும் பொருட்டு வேலையை விட்டபின், அரசு உதவிப்பணத்தால் வாழும் நிலைக்கு அவள் வருகின்றாள். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் வெள்ளையின ஏழைப் பெண்டிர். கணவன் துணையின்றிக் குழந்தைகளை வளர்ப்போர் பலர். திருமதி காக்ஸ், அவர் மகள் வூப்பி முதலிய அப்பெண்டிர் நிறம் வேறாயினும் நிலை ஒன்றானமையால் ஆடாவைத் தம்முள் ஒருத்தியாக ஏற்கின்றனர். அலுவலகங்களின் இயல்பினையும் உதவி பெறும் வழிகளையும் அவர்களுடன் பழகியே அவள் அறிந்துகொள்கின்றாள். பெற்றவர் பெறாதவர்க்கு வழி கூறும் ஆற்றுப்படை நெறி, வடிவம் முற்றும் மாறி, இலண்டனின் ஒரு படிக்கட்டில் நிகழ்வதனைக் காண்கின்றோம்.

அக்குடியிருப்பில் குடும்ப ஆலோசகராய் நகராட்சியால் அமர்த்தப்பெற்றவர் கேரல். சிக்கற் குடும்பங்கள் எனப் பட்டியலில் இடம்பெற்றோர்க்கு வேண்டுவன செய்தலும், அவர்க்காக அலுவலர்களிடம் பரிந்து பேசுதலும் அவர் பணி. அவர் தீயவர் அல்லர். கடமையில் வழுவியவரும் அல்லர். இதுவே இப்புதினத்தின் நுட்பம். தீயவர் ஒருவர் உதவியைக் கெடுத்தார் எனக் கூறுதல் எளிது. நல்லவர் ஒருவர் நன்மையே செய்தபோதும் ஏற்பவர் உள்ளத்தில் ஒரு காயம் எஞ்சுவதனைக் காட்டுதல் அரிது. எமெச்செட்டா அரியதனைச் செய்தார்.

ஆடாவின் உள்ளம் இருதிறப்பட்டது. கேரலின் உதவி அவளுக்கு வேண்டும்; அவ்வுதவியைப் பெறுவதற்குத் தன் குடும்பம் சிக்கற் குடும்பம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருத்தல் அவளைச் சுடுகின்றது. கேரலை நம்பி வாழப் பழகிய பெண்டிர் தாமே முயலும் ஆற்றலைச் சிறிது சிறிதாக இழக்கின்றனரோ என்னும் ஐயமும், கேரலின் பணி நிலைபெறச் சிக்கற் குடும்பங்கள் சிக்கலிலேயே இருத்தல் வேண்டுமோ என்னும் கசப்பும் அவளுக்கு எழுகின்றன. எனினும் குடியிருப்பு கலைந்து அனைவரும் வேறு வேறிடம் செல்ல வேண்டிய காலத்தில், அப்பள்ளத்தை விட்டு நீங்கவும் அவள் உள்ளம் தயங்குகின்றது. வீழ்ந்த இடமே அடைக்கலமும் ஆகின்றது. இரவும் இரவச்சமும் ஒரே நெஞ்சில் உடனுறைவதனை இவ்வளவு தெளிவாகக் காட்டும் புதினங்கள் மிகுதியாக இல்லை.

ஆசிரியர் தம் வாழ்வையே எழுதியும் 'நான்' என்னாது 'ஆடா' எனப் படர்க்கையில் நின்றமை நோக்கற்பாலது. தன்மையில் எழுதியிருப்பின் நூல் முறையீடாக முடிந்திருத்தல் கூடும். படர்க்கை, ஆசிரியர் தம்மையும் ஆராயும் இடைவெளியைத் தந்தது. ஆடாவின் குறைகளும் மறைக்கப்படவில்லை. கல்வி கற்றவள் என்னும் எண்ணத்தால் அவள் சில வேளைகளில் தன் அண்டையாரினின்று தன்னை விலக்கி நோக்குகின்றாள். இறுதியில் ரீசன்ட்ஸ் பூங்காவுக்கு அணித்தாய் உள்ள புதிய குடியிருப்புக்குச் செல்கின்றாள். ஏற்போர் உரை என்பதனாலேயே அது எல்லார்க்கும் பொதுவான உரை ஆகிவிடாது என்பதனையும் இதனால் அறிகின்றோம். மேலும், கேரலின் அகவுலகம் நூலில் பெரிதும் மூடியே உள்ளது. ஈவோர் உரைக்கு ஏற்போர் வீட்டுக் கதவு அடைபட்டது போல, ஏற்போர் உரைக்கு ஈவோர் நெஞ்சக் கதவு அடைபடுகின்றது.

எமெச்செட்டாவின் பிற்கால வாழ்வு இவ்வாராய்ச்சிக்குத் துணைசெய்கின்றது. 1969 முதல் 1976 வரை இலண்டன் கல்வித்துறையில் இளைஞர் நலப் பணியாளராகவும், 1976 முதல் 1978 வரை கேம்டன் பகுதியில் சமூகப் பணியாளராகவும் அவர் இருந்தார். ஆகவே, ஏற்றவளாய் நின்று எழுதிய நூல் 1972-இல் வெளிவந்தபோது, அவர் பகலெல்லாம் உதவுவோர் இருக்கையில் அமர்ந்திருந்தவர். கேரலைக் கொடியவராக்காது விட்ட நடுநிலைக்கு இஃது ஒரு காரணமாதல் கூடும் எனக் கருதுதல் பிழையாகாது. இளைஞரிடையே ஆற்றிய பணி தம் தன்வரலாறாகிய 'ஹெட் அபவ் வாட்டர்' (1986) நூலில் இடம்பெறுகின்றது. 2017-இல் அவர் இலண்டனில் மறைந்தார்.

6. இருவரும் ஒருவராய் நின்ற உரை

மூன்றாம் நூலின் ஆசிரியர் மூவரும் கறுப்பினப் பெண்டிர் இயக்கங்களிற் பங்கு கொண்டவர்கள். 1973-இல் தோன்றிய பிரிக்ஸ்டன் கறுப்பினப் பெண்டிர் குழு, 1978-இல் தோன்றிய ஆப்பிரிக்க-ஆசிய வழித்தோன்றற் பெண்டிர் அமைப்பு ஆகியவற்றின் பட்டறிவு நூலுக்கு அடிப்படை. வேலை, கல்வி, மருத்துவமும் அரசின் நலத்துறையும், பெண்டிர் ஒன்றுகூடிப் போராடிய வரலாறு, பண்பாடும் தன்னுணர்வும் என ஐந்து பொருள்களை நூல் முறையே ஆராய்கின்றது. ஆராய்ச்சியுரையின் இடையிடையே பல பெண்டிரின் வாய்மொழிகள் அமைகின்றன. அவற்றைக் கூறியோர் பெயர்கள் தரப்படவில்லை.

இந்நூலின் தலையாய கண்டுபிடிப்பு, ஈவோர் ஏற்போர் என்னும் பாகுபாடே பிழைபட்டது என்பதாகும். கறுப்பினப் பெண்டிர் அரசின் நலத்துறையினிடத்து உதவி பெறுவோர் என்றே எண்ணப்பட்டனர். ஆனால் அந்நாட்டு மருத்துவமனைகளைத் தாங்கி நின்றோர் யார்? செவிலியராகவும் சமையலாளராகவும் துப்புரவாளராகவும் உழைத்தோருள் அப்பெண்டிர் பலர். செவிலியர் பயிற்சியில் அவர்களுட் பலர், உயர்பதவிக்கு வழிவிடாத கீழ்நிலைச் சான்றிதழ்ப் பிரிவிலேயே சேர்க்கப்பட்டனர். நாட்டின் நோயாளர்க்கு ஈந்தவர்கள் ஏற்போர் பட்டியலில் எழுதப்பட்டமையை இந்நூல் வெளிப்படுத்துகின்றது.

இளைஞர் நிலையிலும் இவ்வாறே. கரிபியக் குழந்தைகள் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் அறிவுக்குறையுடையோர் பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதனைக் கிரனடா நாட்டைச் சார்ந்த பெர்னார்டு கோர்டு 1971-இல் ஒரு சிறு நூலால் அம்பலப்படுத்தினார். பெற்றோர் அரசின் திருத்தத்துக்காகக் காத்திராமல், சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாமே நடத்தினர். 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டப்படி ஐயத்தின் பேரிலேயே இளைஞரைச் சிறைப்பிடிக்கும் வழக்கத்தை எதிர்த்து நிகழ்ந்த கிளர்ச்சியில் தாய்மார் முன்னின்றனர். அவ்விதி 1981-இல் நீக்கப்பட்டது. 1979-இல், குடியேற வந்த இந்தியப் பெண் ஒருத்தி ஈத்ரோ வானூர்தி நிலையத்தில் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டமை வெளிப்பட்டபோது, ஆப்பிரிக்க-ஆசியப் பெண்டிர் அமைப்பினர் அந்நிலையத்திலேயே மறியல் செய்தனர். ஆற்றுப்படையில் வழியின் முடிவில் வள்ளல் இருக்கின்றான். இந்நூலில் வழியின் முடிவில் இருப்போர், வழிகேட்டு வந்தவரைப் போன்ற பெண்டிரே.

நூல் முழுதும் தன்மைப் பன்மையில் இயல்கின்றது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. தமிழிலோ, முன்னிலையாரை உளப்படுத்துவது நாம். அவரை நீக்கி நிற்பது யாம் அல்லது நாங்கள். இந்நூலைத் தமிழில் பெயர்ப்போர் ஒவ்வொரு தொடரிலும் இவ்விரண்டனுள் ஒன்றனைத் தேர்ந்தாக வேண்டும். அங்ஙனம் தேரப் புகுவார்க்கு நூலின் உட்கிடக்கை விளங்கும். அரசினரையும் வெள்ளையினப் படிப்பாளரையும் நோக்கிக் கூறும் இடங்களில் அஃது 'யாம்'. தம்போன்ற பெண்டிரை அழைக்கும் இடங்களில் 'நாம்'. ஆசியப் பெண்டிரைக் குறித்துப் பேசும் இடங்களில் இரண்டனுள் எது பொருந்தும் எனத் துணிதல் எளிதன்று. இவ்வையம் இலக்கணத்தளவில் நிற்பதன்று. ஆப்பிரிக்க வழியினரும் ஆசிய வழியினரும் ஒரே அமைப்பில் எவ்வாறு இணைந்து நிற்பது என்பதே அவ்வியக்கத்தார் எதிர்கொண்ட பெருவினா. 1980-களின் முற்பகுதியில் அவ்வமைப்பு செயலொழிந்ததற்கு உரிய காரணங்களுள் அதுவும் ஒன்று. ஆங்கிலச் சொல் மறைத்த விரிசலைத் தமிழ்ச்சொல் காட்டிவிடுகின்றது.

இந்நூலுக்கும் குறை உண்டு. பெயர் கூறாமை, பேசிய பெண்டிர்க்குப் பாதுகாப்பாயிற்று. ஒருவர் துயர் எல்லார் துயரும் ஆயிற்று. ஆனால் ஒருவர் காலப்போக்கில் எவ்வாறு மாறினார், எங்குத் தயங்கினார், எப்போது தம்மையே ஐயுற்றார் என்பதனை நாம் காண இயலவில்லை. ஆடாவின் இருதிறப்பட்ட உள்ளம் இங்கு இல்லை. போராட்ட உரையில் நாணத்துக்கு இடம் சுருங்குகின்றது. கதவு அகலத் திறக்கப்பட்டது. ஆனால் அடுப்பங்கரையில் அமர்ந்திருந்த தனியொருத்தியின் முகம் கூட்டத்தினுள் கலந்துவிடுகின்றது.

7. முடிவுரை

மூன்று நூல்களையும் ஒருங்கு நோக்கின் பின்வருவன புலனாகும். ஈவோர் உரை, தடையாய் நின்ற வழக்கங்களையும் அலுவலகங்களின் உள்ளியல்பையும் நன்கு காட்டும். ஏற்பார் நெஞ்சினைக் காட்டாது. ஏற்போர் உரை, உதவியின் விலையைக் காட்டும். ஈவார் நெஞ்சினைக் காட்டாது. இருவரும் ஒருவராய் நின்ற உரை, அப்பாகுபாட்டின் பொய்ம்மையைக் காட்டும். தனியொருவரின் தடுமாற்றத்தைக் காட்டாது. ஒவ்வொன்றும் மற்றதன் குறையை நிரப்புவது.

எனினும் மூன்றனையும் சமமாக நிறுத்தி இவ்வாராய்ச்சியை முடித்தல் நேர்மையாகாது. ஈவோர் உரைக்கு என்றும் பஞ்சம் இல்லை. அறிக்கைகளும் பாராட்டுரைகளும் நினைவுமலர்களும் அவ்வகையினவே. ஏற்போர் உரையே அரியது. ஏனெனில் அவர்க்கு எழுத ஓய்வு இல்லை, எழுதின் வெளியிடுவார் இல்லை, வெளியிடின் நன்றி மறந்தோர் என்னும் பழி காத்திருக்கின்றது. ஐந்து குழந்தைகளுடன், குளிர்ந்த குடியிருப்பில், பட்டப்படிப்புக்கிடையே எமெச்செட்டா அவ்வுரையை எழுதினார். உதவியவரை இகழாமலும், உதவியால் நேர்ந்த காயத்தை மறையாமலும் எழுதினார். நன்றியறிதலுக்கும் உண்மை கூறுதலுக்கும் பகை இல்லை என்பதனை அந்நூல் மெய்ப்பிக்கின்றது.

சமுதாயத் தொண்டில் தலைமை தாங்கியோரைப் பற்றிய நூல்களை இனி ஆராயும் மாணாக்கர், தலைவரின் அருளையும் ஆற்றலையும் அளப்பதோடு அமையாது, அவ்வருளுக்கு ஆளானோர் அந்நூலில் எவ்விடத்துப் பேசுகின்றனர், எவ்வளவு பேசுகின்றனர், அவர் சொல்லுக்குப் பொருள் கூறும் உரிமை யார்பால் உள்ளது என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். உப்பில்லாக் கீரையைப் பாடிய புலவர்க்கு அடைத்த கதவும் பாடுபொருளாயிற்று. அக்கதவைக் காணாத நூல், தலைவரை எத்துணை உயர்த்தினும், தொண்டின் வரலாற்றில் ஒரு பாதியையே கூறியதாகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.